பேஸ்பாலில் குளிர்கால டிரேடுக்கு மார்க் போடுவது எப்படி? 2023-24 ஒப்பந்தங்களை வைத்து ஒரு விவாதம்

#1 ஸ்லைடர்சாமி

அமெரிக்க பேஸ்பால் லீகில் இரண்டு அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளும் டிரேடு அறிவிப்பு வந்த அரை மணி நேரத்தில் "யாங்கீஸுக்கு ஏ, பாட்ரேஸுக்கு சி" என்று மார்க் பட்டியல் வந்துவிடுகிறது. அதில் பாதி மார்க் பெயரின் பவிசுக்கு விழுவது. பெரிய நட்சத்திரம் எந்தப் பக்கம் போனாரோ அந்தப் பக்கம் ஜெயித்தது, முடிந்தது கணக்கு. இந்த இழையில் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 2023-24 குளிர்காலத்தை எடுத்துக்கொள்கிறேன். விளைவுகள் எல்லாம் தெரிந்துவிட்டதால் அன்றைய கணக்கை உரசிப் பார்க்க வசதி.

முதலில் ஹுவான் சோட்டோ என்ற நட்சத்திர பேட்டர். 2023 டிசம்பரில் பாட்ரேஸ் அவரையும் ட்ரென்ட் கிரிஷமையும் யாங்கீஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு மைக்கேல் கிங், ட்ரூ தார்ப், ஜானி பிரிட்டோ, ராண்டி வாஸ்குவெஸ் என்று நான்கு பிட்சர்களும் (பந்து வீசுபவர்கள்) கைல் ஹிகாஷியோகா என்ற கேட்சரும் வந்தார்கள்.

யாங்கீஸுக்குக் கிடைத்தது சோட்டோவின் ஒரு சீசன். 2024 முடிந்ததும் அவர் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது எந்த அணியோடும் ஒப்பந்தம் போடலாம். அந்த ஒரு வருடச் சம்பளம் 31 மில்லியன் டாலர். ஆனால் யாங்கீஸ் தொடர்ந்து மூன்றாவது வருடமாக ஆடம்பர வரி (மொத்தச் சம்பளம் ஒரு கோட்டைத் தாண்டினால் லீகுக்குக் கட்டுவது) கட்டும் அணி. வரியின் கடைசிக் கோட்டைத் தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் இன்னொரு 1.10 டாலர் லீகுக்குக் கட்ட வேண்டும். சம்பளம் முழுவதும் அந்தக் கோட்டுக்கு மேல் விழுந்தால் 31 + 34.1 = 65.1 மில்லியன். பத்திரிகையில் 31 என்று போட்டிருப்பதை நம்பி மார்க் போட்டால் பாதிச் செலவு கண்ணில் படாது.

பாட்ரேஸ் பக்கம் வாங்க. பிளேக் ஸ்னெல், சேத் லூகோ, மைக்கேல் வாக்கா மூன்று பிட்சர்களும் ஒரே நேரத்தில் ஃப்ரீ ஏஜென்ட் ஆகிவிட்டார்கள். 2023 நடுவிலேயே உள்ளூர் டிவி ஒப்பந்தம் முறிந்துபோனது. சம்பளப் பட்டியலைச் சுருக்கியே ஆக வேண்டும், அதே சமயம் சில நூறு இன்னிங்ஸை யாராவது வீசியாக வேண்டும். அந்த ஓட்டைக்கு அளவெடுத்துத் தைத்த டிரேடு இது. கிங் 2024-இல் 173⅔ இன்னிங்ஸ், 201 ஸ்ட்ரைக்அவுட் (பேட்டரை மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆக்குவது), 2.95 ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் கணக்கில் விழும் சராசரி ரன், குறைந்தால் நல்லது). தார்ப்பை மார்ச்சிலேயே வைட் சாக்ஸுக்கு அனுப்பி டிலன் சீஸ் என்ற பிட்சரைப் பிடித்தார்கள். சோட்டோ 41 ஹோம் ரன் அடித்தார், யாங்கீஸ் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் வரை போனது. யாங்கீஸ் 94 வெற்றி, பாட்ரேஸ் 93. இதில் யாருக்கு சி போடுவீர்கள்?

#2 கடைசி_அவுட்

நல்ல ஆரம்பம் சாமி. ஆனா நீங்களே கடைசியில ரிசல்ட்ட வச்சுத்தான முடிக்கிறீங்க? 2.95, 41 ஹோம் ரன் எல்லாம் டிசம்பர்ல யாருக்குத் தெரியும்? ரிசல்ட்தான் பேசும்னா நேரா கிறிஸ் சேல்ங்கற பிட்சரோட டிரேடுக்கு வாங்க. ரெட் சாக்ஸ் சேலையும் கொடுத்து, கூடவே 17 மில்லியனையும் பிரேவ்ஸ் கையில வச்சு அனுப்புச்சு. வாங்கினது வான் கிரிஸம்ங்கற இளம் பேட்டர் ஒருத்தர். சேல் 2024-ல 18 வெற்றி, 2.38 ஈஆர்ஏ, 225 ஸ்ட்ரைக்அவுட். மூணுலயும் நேஷனல் லீகுக்கே முதல் ஆள், சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் அவருக்கே. கிரிஸம் 31 மேட்ச், பேட்டிங் சராசரி .190. இதுக்கு என்ன கணக்கு வேணும்? எஃப்தான்.

#3 நாற்பதாவது_ஆள்

எஃப் சரியாகவே இருக்கலாம், நீங்கள் சொல்லும் காரணம்தான் சரியில்லை.

அறிவிப்பு வந்த 2023 டிசம்பர் 30 அன்று கையில் என்ன தகவல் இருந்தது? 2020 மார்ச்சில் சேலுக்கு டாமி ஜான் எனப்படும் முழங்கை அறுவை. அந்த சீசன் முழுக்கப் போச்சு. 2021-இல் 42⅔ இன்னிங்ஸ். 2022-இல் முதலில் விலா எலும்பு, அப்புறம் பந்து பட்டு விரல், அப்புறம் சைக்கிளில் விழுந்து மணிக்கட்டு: மொத்தம் 5⅔ இன்னிங்ஸ். 2023-இல் 102⅔. மூன்று வருடம் கூட்டினால் 151. வயது 34. இன்னொரு பக்கம் கிரிஸமுக்கு 22 வயது, ஆறு வருடக் கட்டுப்பாடு (அதுவரை ஃப்ரீ ஏஜென்ட் ஆக முடியாது), குறைந்தபட்சச் சம்பளம். ரெட் சாக்ஸுக்கு இரண்டாம் பேஸில் ஆளே இல்லை. இந்த அளவில் டிரேடில் தப்பு சொல்ல முடியாது.

தப்பு வேறு இடத்தில் இருந்தது, அதுவும் டிசம்பரிலேயே தெரிந்த தப்பு. 2023-இல் சேலின் ஈஆர்ஏ 4.30, ஆனால் 102⅔ இன்னிங்ஸில் 125 ஸ்ட்ரைக்அவுட், வெறும் 29 வாக் (நான்கு மோசமான பந்தால் பேட்டருக்கு இலவசமாக முதல் பேஸ்). கை இன்னும் போகவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? காயத்துக்குப் பின் பிட்சரைப் பார்க்கும்போது ஈஆர்ஏ கடைசியில் பார்க்க வேண்டிய எண். முதலில் ஸ்ட்ரைக்அவுட் விகிதம், அடுத்து வாக் விகிதம், பிறகு பந்தின் வேகம். ஐந்தாவது இன்னிங்ஸில் வேகம் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதோடு ரெட் சாக்ஸ் அதே வாரத்தில் லூக்காஸ் ஜியோலிட்டோ என்ற பிட்சரை 2 வருடம் 38.5 மில்லியனுக்கு எடுத்தது. பிரேவ்ஸ் சேலுக்குப் போட்ட புது ஒப்பந்தம் 2 வருடம் 38 மில்லியன், 2026-க்கு 18 மில்லியன் கிளப் ஆப்ஷன் (அணி விரும்பினால் நீட்டிக்கலாம்). ஆக ரெட் சாக்ஸ் முன்னால் இருந்த கேள்வி "சேலா கிரிஸமா" இல்லை, "சேலா ஜியோலிட்டோவா". ஜியோலிட்டோவின் 2023 கணக்கு 184⅓ இன்னிங்ஸ், 4.88 ஈஆர்ஏ, கொடுத்த ஹோம் ரன் 41. "உடம்பு தாங்கும், இன்னிங்ஸ் தருவார்" என்று அவரை எடுத்தார்கள். 2024 மார்ச்சில் அவருக்கு முழங்கை அறுவை, அந்த சீசனில் ஒரு பந்துகூட வீசவில்லை. கண்ணாடிக் கை என்று அனுப்பிய சேல் 177⅔ இன்னிங்ஸ் வீசினார். எந்தப் பிட்சரின் உடம்பையும் யாரும் ஜோசியம் சொல்ல முடியாது. அப்படி இருக்கும்போது திறமை கூடுதலாக உள்ளவரை அனுப்பிவிட்டுக் கூடவே பணமும் கொடுத்ததுதான் கோளாறு.

இன்னொன்று. அந்த செப்டம்பர் கடைசியில் சேலுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, பிளே-ஆஃபின் முதல் சுற்றான வைல்டு கார்டில் அவரால் வீச முடியவில்லை. காய அபாயம் காணாமல் போய்விடவில்லை, தாமதமாக வந்தது.

#4 புதுக்கையுறை

ஒரு அடிப்படைச் சந்தேகம், தப்பா எடுத்துக்காதீங்க. ஐபிஎல் ஏலத்துல எல்லா டீமுக்கும் ஒரே பர்ஸ். பேஸ்பால்ல அப்படி வரம்பே இல்லையா? அப்ப டாட்ஜர்ஸ் ஜப்பான் ஸ்டார் ஓட்டானிக்கு 700 மில்லியன் கொடுத்தா அது நல்ல ஒப்பந்தமா கெட்ட ஒப்பந்தமான்னு எதை வச்சுச் சொல்றது?

#5 ஸ்லைடர்சாமி

தப்பே இல்லை, இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்.

வரம்பு கிடையாது, வரிக் கோடுகள் உண்டு. 2024-இல் முதல் கோடு 237 மில்லியன். தாண்டினால் முதல் வருடம் 20 சதவீதம், தொடர்ந்து இரண்டாவது வருடம் 30, மூன்றாவது வருடத்திலிருந்து 50. அதற்கு மேல் 20 மில்லியனுக்கு ஒரு கோடாக 257, 277, 297 என்று போகும், ஒவ்வொன்றிலும் கூடுதல் வரி. கடைசிக் கோட்டுக்கு மேல் அந்தக் கூடுதல் மட்டும் 60 சதவீதம். 277-ஐத் தாண்டினால் டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) முதல் தேர்வும் பத்து இடம் பின்னால் தள்ளப்படும். ஒரு வருடம் முதல் கோட்டுக்குக் கீழே வந்துவிட்டால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சில அணிகள் ஏதோ ஒரு குளிர்காலத்தில் திடீரென்று கஞ்சத்தனம் காட்டுவதற்கு இதுதான் பல நேரம் காரணம்.

இந்த வரியில் அந்த வருடம் கையில் கொடுத்த சம்பளத்தைப் பார்க்க மாட்டார்கள், ஒப்பந்தத்தின் வருட சராசரியைத்தான் பார்ப்பார்கள். ஓட்டானி ஒப்பந்தம் 10 வருடம் 700. அதில் 680 மில்லியன் பின்னால் வருகிறது: 2024 முதல் 2033 வரை வருடம் 2 மில்லியன், 2034 முதல் 2043 வரை வருடம் 68 மில்லியன், வட்டி கிடையாது. பத்து வருடம் கழித்து வரும் 68 மில்லியனை 4.43 சதவீத வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் சுமார் 44. அதோடு 2 சேர்த்தால் 46. வரிக் கணக்கில் வருடத்துக்கு 46 மில்லியன்தான் ஏறும், 70 ஏறாது. ஆகவே மார்க் போடும்போது 460 மில்லியன் ஒப்பந்தமாகப் பாருங்கள். "பின்னால் கொடுத்தால் போதும், ஓசிப் பணம்" என்பதும் தவறு. தள்ளிவைத்த தொகையின் இன்றைய மதிப்பை இரண்டு வருடத்துக்குள் அணி தனியே ஒதுக்கி வைத்தாக வேண்டும்.

ஜப்பானிலிருந்து வருபவர் என்றால் அவருடைய ஜப்பான் அணிக்குக் கொடுக்கும் போஸ்டிங் கட்டணத்தையும் கூட்டுங்கள். முதல் 25 மில்லியனுக்கு 20 சதவீதம், அடுத்த 25-க்கு 17.5, மீதிக்கு 15. அதே குளிர்காலத்தில் டாட்ஜர்ஸ் எடுத்த பிட்சர் யமமோட்டோவின் 325 மில்லியனுக்கு 5 + 4.375 + 41.25, மொத்தம் 50.6 மில்லியன் ஓரிக்ஸ் அணிக்குப் போனது. டாட்ஜர்ஸுக்கு அவர் 375 மில்லியன் பிட்சர்.

#6 பார்க்ஃபாக்டர்

பணம் தெரிந்துவிட்டது, அதற்கு என்ன கிடைக்கும் என்ற மறுபாதியை நான் சொல்கிறேன். நடைமுறைக் கணக்கு இதுதான்: வீரர் அடுத்த வருடம் எத்தனை வார் (WAR: ஒரு சாதாரண மாற்று வீரரைவிட அணிக்குக் கூடுதலாகத் தரும் வெற்றிகள்) தருவார் என்று ஊகம், 30 வயதுக்கு மேல் வருடத்துக்கு அரை வார் கழிவு, ஃப்ரீ ஏஜென்ட் சந்தையில் ஒரு வாருக்கு 8 முதல் 10 மில்லியன். பெருக்கிக் கூட்டுவது.

மேக்ஸ் ஃப்ரீட் என்ற பிட்சர் அடுத்த குளிர்காலத்தில் யாங்கீஸிடம் 8 வருடம் 218 மில்லியன் வாங்கினார். முதல் வருடம் 4 வார் என்று வையுங்கள், பிறகு 3.5, 3, 2.5 என்று இறங்கி எட்டாவது வருடம் 0.5. மொத்தம் 18 வார். ஒரு வாருக்கு 9 மில்லியனில் ஆரம்பித்து வருடம் 5 சதவீதம் ஏற்றினால் 182 மில்லியன் வருகிறது. கொடுத்தது 218. 36 மில்லியன் அதிகம், ஆக மோசமான ஒப்பந்தம்?

அங்கேயே நிறுத்தினால் பாதிக் கணக்குதான். அதே 218-ஐ 6 வருடத்தில் கொடுத்தால் சராசரி 36.3. 8 வருடமாக நீட்டினால் 27.25. வித்தியாசம் வருடத்துக்கு 9 மில்லியன், 110 சதவீத வரியில் வருடம் 10 மில்லியன் மிச்சம். கடைசி இரண்டு வருடம் ஆட்டத்துக்காகக் கொடுத்தது இல்லை, சராசரியைத் தேய்க்கக் கொடுத்தது. (அந்த இரண்டு வருடமும் 27.25 வரிப் பட்டியலில் உட்கார்ந்திருக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.) ஃப்ரீட், பழைய அணி தரும் ஒரு வருட ஒப்பந்த அழைப்பான குவாலிஃபையிங் ஆஃபரை மறுத்துவிட்டு வந்தவர் (அப்படிப்பட்டவரை எடுக்கும் அணி டிராஃப்ட் தேர்வை இழக்கும், பழைய அணிக்கு ஒரு தேர்வு கிடைக்கும்), யாங்கீஸ் வரி கட்டும் அணி. அதனால் அதன் இரண்டாவது, ஐந்தாவது டிராஃப்ட் தேர்வுகளும் வெளிநாட்டு இளையோர் ஒதுக்கீட்டில் 1 மில்லியனும் போயின. செய்தியில் 218 மட்டும்தான் வரும்.

#7 கடைசி_அவுட்

வார் ஊகம்னு ஒரே வரில தாண்டிட்டீங்களே, அங்கதான எல்லாரும் வழுக்கி விழறாங்க! பேட்டர் கோடி பெல்லிஞ்சர் 2023-ல .307, 26 ஹோம் ரன், 97 ஆர்பிஐ (அவர் அடியால வந்த ரன்). 200 மில்லியன் போகும்னு நவம்பர் பூரா பேச்சு. ஆனா அவர் அடியோட சராசரி வேகம் மணிக்கு 88 மைல்கூட இல்ல. பந்தை வலுவா அடிக்கல, ரெண்டு ஸ்ட்ரைக் விழுந்த பிறகு தட்டித் தட்டி ஓட்டினார். அது வருசா வருசம் நிக்காது. முப்பது டீமுக்கும் இது தெரியும். கடைசில பிப்ரவரி முடியுற நேரத்துல கப்ஸ்கிட்ட 3 வருசம் 80. 2024-ல .266, 18 ஹோம் ரன்.

பேட்டரைப் பாக்கறப்ப சராசரியை மூடி வச்சுட்டு அடியோட வேகம், வெளிப்பந்தைத் துரத்துற விகிதம், ஓட்ட வேகம் இந்த மூணையும் முதல்ல பாருங்க. ஓட்ட வேகம் குறைஞ்சா சென்டர் ஃபீல்டர் ரெண்டு வருசத்துல லெஃப்ட் ஃபீல்டர், அப்புறம் ஃபர்ஸ்ட் பேஸ். ஒவ்வொரு எடமும் மாறும்போது வார் கரையும்.

#8 நாற்பதாவது_ஆள்

பெல்லிஞ்சர் பெயர் வந்ததால் அந்தக் குளிர்காலத்தின் "தாமதக் கூட்டம்" பற்றிச் சொல்லியாக வேண்டும். பெல்லிஞ்சர், மேட் சாப்மன், ஸ்னெல், ஜோர்டன் மான்ட்கோமரி நால்வருக்கும் ஏஜென்ட் ஸ்காட் போராஸ். நால்வரும் பெரிய நீண்ட ஒப்பந்தத்துக்குக் காத்திருந்து, கடைசியில் இடையில் விலகும் உரிமையோடு குட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

விலகும் உரிமையை மார்க்கில் எப்படிச் சேர்ப்பது? வீரர் நன்றாக ஆடினால் போய்விடுவார், சொதப்பினால் தங்கிவிடுவார். அணிக்கு நல்லது நடந்தால் ஒரு வருடம், கெட்டது நடந்தால் முழு ஒப்பந்தம். ஸ்னெல் ஜயன்ட்ஸிடம் 2 வருடம் 62, முதல் வருடம் முடிந்ததும் விலகிப் போய் டாட்ஜர்ஸிடம் 5 வருடம் 182. மான்ட்கோமரி டைமண்ட்பேக்ஸிடம் 1 வருடம் 25. இரண்டாம் வருடம் ஸ்டார்ட் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சராக இறங்குவது) எண்ணிக்கையைப் பொறுத்துத் திறக்கும்: 10 ஸ்டார்ட்டுக்கு 20 மில்லியன், 18-க்கு 22.5, 23-க்கு 25. அவர் 21 ஸ்டார்ட் போட்டார். ஈஆர்ஏ 6.23. வெளியே யாரும் அந்த விலை தரமாட்டார்கள் என்பதால் 22.5-ஐ எடுத்துக்கொண்டு தங்கினார். 2025 வசந்தத்தில் டாமி ஜான். அந்த வருடம் வீசியது பூஜ்யம்.

பிட்சர் மார்ச் நடுவில் கையெழுத்துப் போட்டால் முதல் இரண்டு மாதத்தைக் கழித்துவிட்டுத்தான் மதிப்பிட வேண்டும். கை படிப்படியாக ஏற ஆறு வாரம் வேண்டும்; ஏப்ரலில் அந்த ஆறு வாரத்தை லீக் ஆட்டத்திலேயே செலவழிப்பார். ஸ்னெல் முதல் 6 ஸ்டார்ட்டில் ஈஆர்ஏ 9.51, நடுவில் இரண்டு முறை காயப்பட்டியல். கடைசி 14 ஸ்டார்ட்டில் 1.23, அதில் ஆகஸ்ட் 2 அன்று ஒரு நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூட இல்லாத ஆட்டம்). சீசன் கணக்கு 3.12 என்று அழகாக முடிந்தது, ஆனால் ஜயன்ட்ஸுக்கு ஏப்ரல், மே தோல்விகள் திரும்பி வரவில்லை. பேட்டருக்கு இந்தத் தொல்லை குறைவு. சாப்மன் மார்ச் தொடக்கத்தில் வந்தவர்தான், 27 ஹோம் ரன், ஃபீல்டிங்குக்கான கோல்டு கிளவ் விருது, செப்டம்பரிலேயே 6 வருடம் 151 நீட்டிப்பு.

ஜயன்ட்ஸ் செய்ததில் ஒரு சாமர்த்தியம்: சாப்மனும் ஸ்னெலும் குவாலிஃபையிங் ஆஃபரை மறுத்தவர்கள். முதல் ஆளுக்கு இரண்டாவது உயர்ந்த தேர்வு போகும், அடுத்த ஆளுக்கு மூன்றாவது. எப்படியும் ஒன்று போய்விட்டது, இரண்டாவது ஆளுக்கு விலை குறைவு.

#9 பார்க்ஃபாக்டர்

மெடிக்கல் பற்றி யாரும் பேசவில்லை. "ஒப்புக்கொண்டார்" என்ற செய்திக்கும் கையெழுத்துக்கும் நடுவில் உடல் பரிசோதனை இருக்கிறது. கார்லோஸ் கொரேயா 2022 டிசம்பரில் ஜயன்ட்ஸ் 13 வருடம் 350, மெட்ஸ் 12 வருடம் 315 என்று இரண்டு முறை "முடிந்து", 2014-இல் கணுக்கால் பக்கம் நடந்த அறுவையால் இரண்டும் விழுந்து, ஜனவரியில் ட்வின்ஸிடம் 6 வருடம் 200-க்குப் போனார். அதுவரை போட்ட மார்க்கெல்லாம் குப்பை.

#10 புதுக்கையுறை

அப்ப நல்ல ஜிஎம் (ஜெனரல் மேனேஜர்) யாருன்னு எப்படிச் சொல்றது? எல்லாமே அதிர்ஷ்டம்னா?

#11 கடைசி_அவுட்

ஒரு டிரேடோட ரிசல்ட் அதிர்ஷ்டமா இருக்கலாம். பத்து வருசத்து டிரேடையும் வரிசையா வச்சா அதிர்ஷ்டம் சமமாயிடும். பிரேவ்ஸ் ஜிஎம் அலெக்ஸ் அந்தோபுலஸ் அதே டிசம்பர்ல ஜாரெட் கெலனிக்ங்கற பேட்டரை வாங்கினார். அதுக்காக மாரினர்ஸ் தூக்கிப் போட நெனச்ச மார்கோ கோன்சாலெஸ், எவன் வைட் ரெண்டு பேர் சம்பளத்தையும் தலைல ஏத்திக்கிட்டு, உடனே வேற டீமுக்குத் தள்ளிவிட்டார். பேப்பர்ல கொடுத்தது ரெண்டு சின்னப் பிட்சர், நெஜமா கொடுத்தது பணம். கெலனிக் 2024-ல .231, 15 ஹோம் ரன். அதே மாசம், அதே ஆள், சேலும் கெலனிக்கும். அதான் ரிசல்ட் முக்கியம்ங்கறேன், ஆனா மொத்தமா.

#12 ஸ்லைடர்சாமி

மொத்தமாகப் பார்ப்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் பத்து வருடம் காத்திருந்தால் இந்தக் குளிர்காலத்தைப் பற்றி வாயே திறக்க முடியாது! மார்க் போடுவதற்கு முன் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அதே வாரத்தில், அதே பணத்துக்கும் அதே ஆட்களுக்கும் இந்த அணிக்கு வேறு என்ன கிடைத்திருக்கும்?

கோர்பின் பர்ன்ஸை அதில் போட்டுப் பாருங்கள். 2024 பிப்ரவரி 1 அன்று புருவர்ஸ் அவரை ஓரியோல்ஸுக்குக் கொடுத்து ஜோயி ஓர்டிஸ், டிஎல் ஹால், டிராஃப்டில் 34-ஆவது தேர்வு மூன்றையும் வாங்கியது. பர்ன்ஸுக்கு ஒரு வருடம்தான் மீதி, சம்பளம் சுமார் 15.6 மில்லியன். "ஒரு சை யங் பிட்சருக்கு இவ்வளவுதானா" என்று அன்று கூச்சல்.

புருவர்ஸுக்கு இருந்த மாற்றுவழிகள் இரண்டு. அவரை வைத்திருந்து குவாலிஃபையிங் ஆஃபர் கொடுத்துப் போகவிட்டால் ஒரே ஒரு டிராஃப்ட் தேர்வு, அதுவும் 2025-இல். ஜூலை வரை இழுத்து விற்றால் விலை படுத்துவிடும். சீசன் நடுவில் அணி மாறியவருக்குக் குவாலிஃபையிங் ஆஃபர் கொடுக்க முடியாது, வாங்குபவருக்கு இரண்டு மாத ஆட்டம் மட்டும், பின்னால் தேர்வு எதுவும் வராது. பிப்ரவரியில் விற்றால் அந்த உரிமையும் ஆளோடு சேர்ந்து போகிறது, அதற்கும் விலை கேட்கலாம். கேட்டார்கள். ஓர்டிஸ் 2024-இல் 142 ஆட்டம், மூன்றாம் பேஸில் அருமையான தடுப்பு, கட்டுப்பாடு இன்னும் பல வருடம்.

ஓரியோல்ஸ் பக்கமும் குறையில்லை. ஷார்ட்ஸ்டாப், இரண்டாம் பேஸ் என்று உள்களம் நிரம்பி வழிந்தது, ஓர்டிஸுக்கு அங்கே நாற்காலி இல்லை. பர்ன்ஸ் 194⅓ இன்னிங்ஸ், 2.92. வைல்டு கார்டு முதல் ஆட்டத்தில் எட்டு இன்னிங்ஸுக்கு மேல் வீசி ஒரே ஒரு ரன் கொடுத்தார். ஓரியோல்ஸ் பேட்டர்கள் ஒன்றும் அடிக்காததால் ராயல்ஸிடம் 1-0 தோல்வி. அதை டிரேடின் கணக்கில் எழுதக் கூடாது. அவர் டைமண்ட்பேக்ஸிடம் 6 வருடம் 210-க்குப் போனதும் ஓரியோல்ஸுக்கு முதல் சுற்று முடிந்த கையோடு ஒரு தேர்வு வந்தது. 34-ஐக் கொடுத்து அதற்கும் மேலே ஒன்று திரும்பி வந்திருக்கிறது.

#13 கடைசி_அவுட்

ராயல்ஸ் மேட்சை எழுதக் கூடாதுன்னா யாங்கீஸ் வேர்ல்ட் சீரிஸ் போனதையும் சோட்டோ கணக்குல எழுதக் கூடாது சாமி. முதல் போஸ்ட்ல எழுதியிருக்கீங்க.

#14 நாற்பதாவது_ஆள்

அது நியாயமான அடி.

அடுத்து யாராவது பிட்சர் காரெட் குரோஷே டிரேடை எடுங்கள். ரெட் சாக்ஸ் 2024 டிசம்பரில் கைல் டீல், பிரேடன் மான்ட்கோமரி, சேஸ் மீட்ராத், விக்கல்மன் கோன்சாலெஸ் நால்வரைக் கொடுத்து அவரை வாங்கியது. அன்று கையில் இருந்தது இரண்டு வருடக் கட்டுப்பாடு. ஏப்ரலில் 6 வருடம் 170 நீட்டிப்பு 2026 முதல். நீட்டிப்பின் லாபத்தை டிரேடுக்கு எழுதுவதா, தனியாக எழுதுவதா என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு ஆரம்பிக்கவும். என் பங்குக்கு, தனியாகத்தான். அந்தப் பணத்தைத் திறந்த சந்தையில் வேறு யாருக்கும் கொடுத்திருக்கலாம்.